நட்சத்திர வீரர்கள் கைமாறும்போது

2025 நவம்பர் 15 அன்று ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் தலைவர் சஞ்சு சாம்சன் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வந்தார். சென்னையின் ரவீந்திர ஜடேஜாவும் இங்கிலாந்து வீரர் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். சஞ்சுவின் ஊதியமான 18 கோடி ரூபாய் அப்படியே தொடர்ந்தது. கரனின் 2.4 கோடியிலும் மாற்றமில்லை. ஜடேஜாவின் ஊதியம் மட்டும் 18 கோடியிலிருந்து 14 கோடியாக இறங்கியது. ஐ.பி.எல். வரலாற்றில் நடந்த மிகப் பெரிய வீரர் பரிமாற்றங்களில் இது ஒன்று. ரசிகர்கள் இதை 'டிரேட்' என்றே சொல்கிறார்கள்.

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் இந்தச் செய்தி வெறும் விளையாட்டுச் செய்தியாக வந்து இறங்கவில்லை. சேப்பாக்கத்தில் ஆட்டம் இருக்கும் நாளில் திருநின்றவூர், பட்டாபிராம் பக்கமிருந்து வரும் மின்சார ரயிலில் மஞ்சள் சட்டைகள் நிறைந்திருக்கும். சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகரில் பறக்கும் ரயிலைப் பிடித்து மைதானம் போய்ச் சேரும் அந்தக் கூட்டத்துக்கு தோனி 'தல', ஜடேஜா 'தளபதி'. 2023 இறுதிப் போட்டியில் அகமதாபாத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருந்தபோது, மோஹித் சர்மாவின் பந்தில் ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் ஜடேஜா. அப்படிப்பட்டவரைக் கொடுத்தது சரியா என்ற கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு.

அந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், இருவரின் புள்ளிவிவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. 2025 சீசனில் ஜடேஜா 14 ஆட்டங்களில் 301 ரன்னும் 10 விக்கெட்டும் எடுத்தார். காயத்தால் 9 ஆட்டங்களே ஆடிய சஞ்சு 285 ரன் எடுத்தார். இந்த எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பரிமாற்றத்தின் மதிப்பு வெளிப்படாது. ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டு அணிகளில் இரண்டு மதிப்பு உண்டு என்பதே காரணம். போனவரின் இடத்தை இனி யார், என்ன விலைக்கு நிரப்புவார்? வந்தவர் எந்த இடத்தை நிரப்புகிறார், அந்த இடத்தில் அதுவரை இருந்தவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால்தான் பரிமாற்றத்தை எடைபோட முடியும்.

முதலில் விதிகள். ஐ.பி.எல்.லில் ஒரு சீசன் முடிந்த சில நாள்களில் பரிமாற்றக் காலம் திறக்கும். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு வரை அது நீடிக்கும். ஏலம் முடிந்ததும் மறுபடி திறந்து, அடுத்த சீசனுக்கு ஒரு மாதம் முன்பு மூடப்படும். வீரரின் சம்மதமில்லாமல் பரிமாற்றம் கிடையாது. இரண்டு அணிகளும் பேசி முடித்தாலும் கிரிக்கெட் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். வீரருக்கு வீரர் கொடுக்கலாம், பணம் கொடுத்தும் வாங்கலாம். ஓர் அணி இன்னோர் அணிக்குத் தரும் கைமாற்றுத் தொகை வெளியில் சொல்லப்படுவதில்லை. அணி வீரர்களுக்காகச் செலவிடலாம் என்று வகுத்திருக்கும் உச்சவரம்பில், அதாவது 'பர்ஸ்' கணக்கில், அந்தத் தொகை சேராது. வீரரின் ஊதியம் மட்டுமே சேரும். 2026 சீசனுக்கு இந்த உச்சவரம்பு 125 கோடி. ஓர் அணியில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அவர்களில் வெளிநாட்டவர் எட்டுப் பேர் வரைதான்.

பணம் போலவே இடமும் அளவுக்குட்பட்டது என்பதற்குச் சாம் கரனின் கதை நல்ல சான்று. பேச்சு முற்றிய நேரத்தில் ராஜஸ்தானிடம் எட்டு வெளிநாட்டு இடங்களும் நிரம்பியிருந்தன. கையில் மிஞ்சிய பர்ஸும் சில லட்சங்கள்தான். கரனை வாங்க வேண்டுமானால் வேறு ஒரு வெளிநாட்டவரை வெளியே அனுப்பியாக வேண்டும். இலங்கைச் சுழல் பந்து வீச்சாளர்களான ஹசரங்காவையும் தீக்ஷணாவையும் ராஜஸ்தான் விடுவித்தது. இரண்டு முன்னணிச் சுழல் வீச்சாளர்களை இழந்த அந்த அணிக்கு ஜடேஜாவின் இடது கைச் சுழல் அதற்கு முன்பு இருந்ததைவிட அதிகம் தேவைப்பட்டது. பரிமாற்றத்தின் ஒரு துண்டு இன்னொரு துண்டின் மதிப்பை மாற்றிவிடுவதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

இனி பணக் கணக்கு. சென்னை கொடுத்தது ஜடேஜாவின் 18 கோடியும் கரனின் 2.4 கோடியும் சேர்ந்த 20.4 கோடி மதிப்புள்ள ஒப்பந்தங்கள். வாங்கியது 18 கோடி. ஆக 2.4 கோடி மிச்சம். ராஜஸ்தான் கொடுத்தது 18 கோடி. வாங்கியது 14 கோடியும் 2.4 கோடியும் சேர்ந்த 16.4 கோடி. அதற்கும் 1.6 கோடி மிச்சம். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒரே நேரத்தில் பணம் மிஞ்சுவது சாதாரணக் கணக்கில் நடக்காத காரியம். இரண்டு மிச்சத்தையும் கூட்டினால் 4 கோடி வருகிறது. ஜடேஜாவின் ஊதியத்தில் குறைந்த தொகையும் அதே 4 கோடி. இரண்டு அணிகளின் ஆதாயமும் ஒரு வீரரின் வருமானத்திலிருந்து வந்தது. இந்தப் பரிமாற்றம் பற்றிய பேச்சில் இதற்குக் கிடைத்த கவனம் போதாது. அவர் சம்மதித்தார் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு பரிமாற்றத்தை எடைபோடும் தட்டு இரண்டல்ல, மூன்று. மூன்றாவது தட்டில் வீரர் நிற்கிறார்.

அணிகளின் தேவைக்கு வந்தால், ராஜஸ்தானால் சஞ்சுவை ஏன் விட்டுக் கொடுக்க முடிந்தது என்பது 2025 ஏப்ரல் 28 அன்று ஜெய்ப்பூரில் விளங்கிவிட்டது. அன்று 14 வயது வைபவ் சூர்யவன்ஷி குஜராத் டைட்டன்ஸுக்கு எதிராக 35 பந்தில் சதம் அடித்தான். அவனுக்கு ராஜஸ்தான் கொடுத்த விலை 1.1 கோடி. மறுமுனையில் தொடக்க ஆட்டக்காரராக 18 கோடிக்குத் தக்கவைத்த யஷஸ்வி ஜெய்ஸ்வால் இருந்தார். விக்கெட் கீப்பராக 14 கோடிக்கு துருவ் ஜுரெல். சஞ்சு காயமாக இருந்தபோது அணியை நடத்த ரியான் பராக். சஞ்சு செய்துவந்த மூன்று வேலைகளுக்கும், அதாவது முன்வரிசை ஆட்டம், கீப்பிங், தலைமை ஆகிய மூன்றுக்கும், ஆள்கள் உள்ளேயே தயாராக இருந்தார்கள். சஞ்சு நல்ல ஆட்டக்காரர் இல்லை என்று இதற்குப் பொருளல்ல. 2024இல் 531 ரன் எடுத்தவர் அவர். அவர் போனால் ராஜஸ்தான் இழப்பது, அவருக்கும் அடுத்து நிற்பவருக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே. அந்த வித்தியாசம் ராஜஸ்தானில் சிறிதாகிப் போயிருந்தது.

சென்னையில் நிலைமை தலைகீழ். 2025இல் சென்னை முதல்முறையாகப் பத்தாவது, அதாவது கடைசி இடத்தில் முடித்தது. ராஜஸ்தானும் அதே 8 புள்ளிகளோடு ஒன்பதாவது இடத்தில் நின்றது. சென்னையின் முன்வரிசை சீசனின் முதல் பாதியில் ரன் சேர்க்கத் திணறியது. ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் பாதியில் விலக, 43 வயதில் தோனி மறுபடி தலைமை ஏற்றார். ஆயுஷ் மாத்ரே, உர்வில் படேல், டெவால்ட் பிரெவிஸ் என்று பிற்பாதியில் இளையவர்கள் வந்து ஓட்டத்தை மாற்றினாலும், தோனிக்குப் பிறகு ஸ்டம்புக்குப் பின்னால் யார் என்ற கேள்வி பல ஆண்டாக ஒத்திவைக்கப்பட்டே வந்திருக்கிறது. இந்தியர், முன்வரிசை ஆட்டக்காரர், கீப்பர், தலைமை தாங்கிய அனுபவம் உள்ளவர் என்று நான்கும் ஒருவரிடம் கிடைப்பது அரிது. வெளிநாட்டவர் நான்கு பேர்தான் களத்தில் இருக்க முடியும் என்பதால், இந்தியக் கீப்பருக்கு ஐ.பி.எல்.லில் எப்போதும் கூடுதல் விலை உண்டு. ராஜஸ்தான் முதலில் ஜடேஜாவோடு பிரெவிஸையும் கேட்டதாகவும் சென்னை மறுத்ததாகவும் செய்திகள் வந்தன. 22 வயது பிரெவிஸைக் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கே வேறாக இருந்திருக்கும்.

சஞ்சு வந்ததும் தலைமை அவருக்கே என்று பலர் எதிர்பார்த்தார்கள். சென்னை நிர்வாகம் அதே நாளில் ருதுராஜே தலைவர் என்று அறிவித்துவிட்டது. அது விவேகமான முடிவு. புதிதாக வந்தவர் என்ன வேலைக்கு வந்தார் என்பதை முதல் நாளே வரையறுத்தால் பாதிச் சிக்கல் குறையும்.

ஆனால் ஜடேஜாவின் இடம்? இங்கேதான் சென்னையின் கணக்கு கனக்கிறது. சென்னையின் இன்னொரு சுழல் வீச்சாளரான அஸ்வின் 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பந்து திரும்பும் சேப்பாக்கத்தில் இரண்டு முதிர்ந்த சுழல் வீச்சாளர்களும் ஒரே இடைவேளையில் இல்லாமல் போனார்கள். முன்னணிச் சுழல் வீச்சாளர்களில் நூர் அகமது மட்டும் மிஞ்சினார். ஜடேஜா நான்கு ஓவர் வீசி, நடுவரிசையில் மட்டை பிடித்து, உள்வட்டத்தில் ரன்களையும் தடுப்பவர். அப்படி ஒருவருக்கு மாற்று சென்னையின் பட்டியலில் இல்லை. 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில் அந்தத் தேவையின் விலை தெரியவந்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த 20 வயது இடது கைச் சுழல் ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீரைச் சென்னை 14.2 கோடிக்கு வாங்கியது. அவருடைய அடிப்படை விலை 30 லட்சம். அதே ஏலத்தில் கீப்பர் கார்த்திக் சர்மாவுக்கும் அதே 14.2 கோடி போனது. இந்தியாவுக்கு ஆடாத வீரர்களில் அதுவரை யாருக்கும் கிடைக்காத விலை அது.

ராஜஸ்தான் ஜடேஜாவுக்குத் தரும் ஊதியம் 14 கோடி. அவருடைய இடத்துக்கென்று சென்னை எடுத்த இளைஞரின் ஊதியம் அதைவிட 20 லட்சம் அதிகம். பரிமாற்றத்தில் மிஞ்சிய 2.4 கோடியை இந்தச் செலவின் முன்னால் வைத்துப் பார்த்தால் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் இதை வைத்து மட்டும் சென்னை ஏமாந்தது என்று முடிவுகட்டவும் கூடாது. பதிரானா, கான்வே, ரச்சின் ரவீந்திரா உள்ளிட்டோரை விடுவித்த சென்னையிடம் ஏலத்துக்கு 43.4 கோடி இருந்தது. சிறு ஏலத்தில் தரமான இந்திய வீரர் அரிது, பணமோ ஏராளம், அதனால் விலை ஏறும். பிரசாந்த் வீருக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆட்டம் இருக்கிறது. அது நடக்குமா என்பது வேறு.

ஆண்டுகளின் கணக்கு அணிக்கு அணி மட்டுமல்ல, ஆட்டத்துக்கு ஆட்டமும் மாறும். ஜடேஜா 1988 டிசம்பரிலும் சஞ்சு 1994 நவம்பரிலும் பிறந்தவர்கள். ஆறு ஆண்டு இடைவெளி. இருவரின் ஒப்பந்தமும் அடுத்த பெரிய ஏலம் வரைதான், அதாவது 2026, 2027 ஆகிய இரண்டு சீசன்களுக்கு. இரண்டே ஆண்டு என்னும்போது இந்த வயது வித்தியாசத்தின் எடை குறைகிறது. உடல் நலமாக இருந்தால் 37, 38 வயதில் ஒரு சுழல் வீச்சாளர் அணிக்குப் பயன்படுவது புதிதல்ல. நீண்ட ஒப்பந்தம் உள்ள ஆட்டங்களில் கதை வேறு. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.வைப் பார்த்தால் இது விளங்கும்.

என்.பி.ஏ.வில் பரிமாற்றம் அணிகளைக் கட்டும் முக்கியமான வழிகளில் ஒன்று. ஏலம் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் புதிய இளைஞர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' உண்டு. தோற்ற அணிகளுக்கே முன்னுரிமை கிடைக்கும் வகையில் அந்த வரிசை குலுக்கலில் அமையும். வரும் ஆண்டுகளின் தேர்வு உரிமையையும் பரிமாற்றத்தில் கொடுக்கலாம், வாங்கலாம். உச்சவரம்பைத் தாண்டிய அணி கொடுக்கும் ஊதியமும் வாங்கும் ஊதியமும் ஏறக்குறைய பொருந்த வேண்டும் என்ற விதியும் உண்டு. அதனால்தான் அங்கே ஒரு நட்சத்திரத்தோடு இரண்டு மூன்று சாதாரண வீரர்கள், எண்ணை நிரப்பவே, சேர்ந்து போகிறார்கள். மிகச் சிலரைத் தவிர மற்ற வீரர்களுக்கு மறுக்கும் உரிமை இல்லை. காலையில் ஓர் ஊரில் எழுந்தவர் இரவில் வேறு ஊர் அணியின் ஆளாகிவிடலாம்.

எதிர்காலத்தைக் கொடுத்து நிகழ்காலத்தை வாங்குவதன் விலை என்ன என்பதற்கு 2013இல் புரூக்லின் நெட்ஸ் செய்ததைக் காட்டுவது வழக்கம். பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் வாங்கி, பதிலுக்கு 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும், 2017இல் தேர்வை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. பியர்ஸ் ஒரே சீசனில் விலகினார். கார்னெட் 2015 பிப்ரவரியில் போய்விட்டார். புரூக்லின் தோற்கத் தொடங்கியது. அதன் ஒவ்வொரு தோல்வியும் பாஸ்டனின் தேர்வு வரிசையை முன்னே நகர்த்தியது. ஏலச்சீட்டு கட்டியவர்களுக்கு இது உடனே புரியும்: அவசரத்துக்குச் சீட்டைத் தள்ளி எடுத்தவர், எடுத்த பணம் கரைந்த பிறகும் தவணை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தேர்வுகளின் வழியாக பாஸ்டனுக்கு ஜெய்லன் பிரவுனும் ஜெய்சன் டேட்டமும் கிடைத்தார்கள். இருவரும் சேர்ந்து 2024இல் பாஸ்டனைச் சாம்பியன் ஆக்கினார்கள்.

2019 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டி தண்டர், பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தபோதும் இதே பாடம். பதிலாக வந்தது ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு மாற்று உரிமைகள், இன்னும் 21 வயதைத் தொடாத ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர், டானிலோ கலினாரி. அப்போது தலைப்புச் செய்தியெல்லாம் ஜார்ஜைப் பற்றித்தான். அந்தத் தேர்வுகளில் ஒன்று 2022இல் ஜெய்லன் வில்லியம்ஸ் ஆனது. கில்ஜியஸ் அலெக்சாண்டர் 2025இல் அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதையும் கோப்பையையும் சேர்த்து எடுத்தார்.

தேவையைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு டாலஸ் மேவரிக்ஸ் இருக்கிறது. சத்னாம் சிங்கை 2015இல் 52ஆவது தேர்வாக எடுத்த அணி என்பதால் இந்தியர்களுக்குப் பழகிய பெயர். 2024இல் இறுதிச் சுற்று வரை தன்னைக் கொண்டுபோன 25 வயது லூகா டான்சிச்சை, 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் அது லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. வாங்கியது முக்கியமாக 31 வயது ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029இன் ஒரு முதல் சுற்றுத் தேர்வு. டேவிஸ் டாலஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டார். ரசிகர்கள் அரங்குக்கு வெளியே கூடி எதிர்த்தார்கள். பரிமாற்றத்தைச் செய்த பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன் அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டார். இதற்கிடையில் மே மாதக் குலுக்கலில் 1.8 விழுக்காடு வாய்ப்பே இருந்த டாலஸுக்கு முதல் தேர்வு விழுந்து கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். குலுக்கலில் விழுந்தது அதிர்ஷ்டம். அதைக் காட்டி முந்தைய முடிவை நியாயப்படுத்த முடியாது. எடுத்த நேரத்தில் தெரிந்திருந்ததை வைத்தே ஒரு முடிவை மதிப்பிட வேண்டும்.

ஐ.பி.எல்.லில் எதிர்காலத் தேர்வுகள் இல்லை, கொடுக்க ஆள்கள் மட்டுமே. ஆனாலும் 'உடன் போன சின்னப் பையன்' பரிமாற்றத்தின் தலைவிதியை மாற்றியது இங்கேயும் நடந்திருக்கிறது. 2018இன் இறுதியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத், ஷிகர் தவானை டெல்லிக்குக் கொடுத்தது. தவானின் ஊதியம் 5.2 கோடி. பதிலாக வந்தவர்கள் மூவர்: தமிழ்நாட்டின் விஜய் சங்கர் 3.2 கோடி, ஷாபாஸ் நதீம் 3.2 கோடி, 18 வயது அபிஷேக் சர்மா 55 லட்சம். அந்த நாளில் பேச்சு தவானையும் விஜய் சங்கரையும் பற்றியே இருந்தது. தவான் டெல்லிக்கு 2019இல் 521, 2020இல் 618 ரன் எடுத்தார். அது டெல்லிக்கு நல்ல வரவுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2024இல் 200ஐத் தாண்டிய ஸ்ட்ரைக் ரேட்டில் 484 ரன்னும், 2025 ஏப்ரலில் பஞ்சாபுக்கு எதிராக 55 பந்தில் 141 ரன்னும் அடித்த அபிஷேக், மூவரில் மிகக் குறைந்த விலைக்கு வந்தவர். அவருடைய வளர்ச்சிக்கு ஐந்து ஆண்டு ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பரிமாற்றத்தை டெல்லியின் வெற்றி என்று சொன்னவர்களும் தவறு சொல்லவில்லை.

ஒரு பரிமாற்றத்துக்காக இன்னொரு பரிமாற்றம் தேவைப்படுவதும் உண்டு. 2023 நவம்பரில் குஜராத்தின் தலைவர் ஹர்திக் பாண்டியாவை 15 கோடிக்கு மீட்டெடுக்க மும்பைக்குப் பர்ஸில் இடமில்லை. 17.5 கோடி ஊதியம் பெற்ற கேமரன் கிரீனைப் பெங்களூருக்கு முழுப் பண அடிப்படையில் கொடுத்தே இடம் உண்டாக்கியது. ஆக ஹர்திக்கின் உண்மையான விலை 15 கோடியோடு நிற்கவில்லை, கிரீனையும் சேர்த்தே எண்ண வேண்டும். 2024இல் மும்பை கடைசி இடத்தில் முடித்தது. சொந்த மைதானத்திலேயே ஹர்திக்குக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. ரோகித் சர்மாவிடமிருந்து தலைமையை எடுத்து வந்தவரிடம் கொடுத்ததே அந்தக் கோபத்தின் வேர். சென்னை சஞ்சுவிடம் தலைமையைத் தராமல் இருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பெரிய பெயர்களே பரிமாற்றத்தில் பலன் தரும் என்பதும் இல்லை. 2021 ஜனவரியில் ராஜஸ்தானிடமிருந்து சென்னை வாங்கிய ராபின் உத்தப்பா அந்தச் சீசனில் நான்கே ஆட்டம் ஆடினார். அதில் ஒன்று டெல்லிக்கு எதிரான முதல் தகுதிச் சுற்று, 44 பந்தில் 63. இன்னொன்று கொல்கத்தாவுக்கு எதிரான இறுதி, 15 பந்தில் 31. கோப்பை சென்னைக்கு வந்தது. 2009இல் ஐ.பி.எல்.லின் தொடக்க காலப் பரிமாற்றங்களில் ஒன்றாக ஜாகீர் கானுக்குப் பதில் மும்பையிலிருந்து பெங்களூருக்குப் போனவரும் இதே உத்தப்பாதான். அஸ்வினும் கைமாறியவரே. பஞ்சாபின் தலைவராக இருந்தவரை 2019 நவம்பரில் ஜெகதீஷா சுசித்தையும் பணத்தையும் கொடுத்து டெல்லி வாங்கியது. அடுத்த ஆண்டு டெல்லி முதல்முறையாக இறுதிப் போட்டிக்குப் போனது. அஸ்வின் 13 விக்கெட் எடுத்தார்.

வீரரின் சம்மதத்துக்கு இன்று இருக்கும் மதிப்பு எப்போதும் இருந்ததில்லை. அதற்கும் ஜடேஜாவே சாட்சி. 2008இல் ஷேன் வார்னின் ராஜஸ்தான் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்த இளைஞர் அவர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியோடு தானே பேச முயன்றார் என்று 2010 சீசன் முழுவதும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. பிறகு கொச்சி, அதன் பின் 2012இல் 20 லட்சம் டாலருக்குச் சென்னை. அந்த ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் உச்சவரம்பில் சமமாக நின்றதால் ரகசியத் தொகை எழுதிக் கொடுத்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. சென்னை தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017 தவிர, பன்னிரண்டு சீசன்கள், மூன்று கோப்பைகள், 2022இல் எட்டு ஆட்டங்கள் நீடித்த தலைமை. தான் விரும்பிய அணிக்குப் போக முயன்றதற்காக ஒருகாலத்தில் தண்டிக்கப்பட்டவர், பதினைந்து ஆண்டு கழித்துத் தன் சம்மதத்தோடும் ஊதியக் குறைப்போடும் அதே ராஜஸ்தானுக்குத் திரும்பியிருக்கிறார்.

சென்னையின் மேற்குப் புறநகர் அறிந்த விளையாட்டு உலகில் வீரர்கள் வேறு விதமாகக் கைமாறினார்கள். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள், அம்பத்தூரில் தொழிற்பேட்டை, திருமுல்லைவாயிலில் முருகப்பா மைதானம், பூந்தமல்லி சாலையில் போரூர் ராமச்சந்திரா மைதானம். இங்கு வளர்ந்த கிரிக்கெட்டும் கூடைப்பந்தும் வேலைவாய்ப்போடு பின்னிக் கிடந்தவை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் முதல் டிவிஷன் லீக்கில் நிறுவனங்கள் ஆதரிக்கும் கிளப்புகள் பிற மாநில ரஞ்சி வீரர்களைக்கூட அழைத்து வந்தன. கூடைப்பந்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்து அணி சேர்த்தன. அந்த முறையில் பரிமாற்றத்துக்கு இடமில்லை. ஆட்டக்காரர் நல்ல வேலை கிடைத்த இடத்துக்குப் போவார், பழைய அணிக்குப் பதிலுக்கு எதுவும் வராது. ஆட்டம் முடிந்த பிறகும் முப்பது ஆண்டுச் சம்பளமும் ஓய்வூதியமும் தரும் பாதுகாப்பை எந்த 14 கோடி ஒப்பந்தத்தோடும் நேராக ஒப்பிட முடியாது. உச்சியில் உள்ள சிலருக்கு ஏல முறை அதிகம் தரும், மற்ற எல்லோருக்கும் வேலை முறையே நல்லது என்பது இந்தப் பகுதிக் குடும்பங்கள் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும்போது போட்டுப் பார்க்கும் கணக்கு. அது சரியான கணக்குதான்.

ரசிகரின் பற்று எந்தத் தட்டில் வரும்? வராது என்று சொல்லும் மேலாளர்கள் உண்டு. டாலஸிலும் மும்பையிலும் நடந்தவை அதை மறுக்கின்றன. அரங்கு நிறைவதும் சட்டை விற்பதும் விளம்பரதாரர் வருவதும் அந்தப் பற்றினால். சென்னையைப் பொறுத்தவரை அந்தப் பற்றின் பெரும்பங்கு இன்னும் தோனியிடம் இருப்பதால் ஜடேஜாவின் பிரிவை அணியால் தாங்க முடிந்தது. கேரளத்தின் செல்லப்பிள்ளையான சஞ்சு அண்டை மாநிலத்து ரசிகர்களையும் கூடவே கொண்டுவருகிறார். தோனி இல்லாத முதல் சீசனில்தான் இந்த இழப்பின் அளவு சரியாகத் தெரியும்.

2025 நவம்பரில் தெரிந்திருந்தவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், ராஜஸ்தான் தன்னிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்துத் தன்னிடம் இல்லாததை வாங்கியது, அதுவும் விலை குறைத்து. குறுகிய காலக் கணக்கில் அதன் பக்கமே சற்றுக் கனம். சென்னை கிடைத்தற்கரிய ஒன்றை வாங்கி, நிரப்பக் கடினமான ஒன்றைக் கொடுத்தது. அதன் ஆதாயம் பெரும்பாலும் இரண்டு சீசன்களுக்கு அப்பால் இருக்கிறது. 2027 முடிந்து பெரிய ஏலம் வரும்போது சஞ்சுவுக்கு 33 வயது, ஜடேஜாவுக்கு 39. தக்கவைப்பு விதிகள் அப்போது எப்படி அமைந்தாலும், சஞ்சுவை இன்னொரு சுற்றுக்கு வைத்துக்கொள்வதா என்று சென்னை யோசிக்கும் நிலையில் இருக்கும். ஜடேஜாவைப் பற்றி ராஜஸ்தானுக்கு அந்த யோசனை எழ வாய்ப்பு குறைவு.